கைமாறாத மரக்கரண்டி

எங்கள் வீட்டில் ஒரு பெண் தனக்கு மாதவிலக்கு என்று வாயால் சொல்லத் தேவையே இருந்ததில்லை. "கொஞ்சம் ஊறுகா எடுத்துக் குடுங்க" என்றால் போதும். ஜாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். கையும் நன்றாகத்தான் இருக்கும். இருந்தும் இன்னொருத்தியை எடுத்துத் தரச் சொல்கிறாள் என்றால் சேதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மாமனாருக்குத் தெரியும், கணவரின் அண்ணனுக்குத் தெரியும், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கும் தெரியும்.

மற்ற கட்டுப்பாடெல்லாம் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே தளர்ந்துவிட்டிருந்தது. அந்த நாட்களிலும் சோறு வடிக்கலாம், குழம்பு வைக்கலாம், கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போகலாம். வேலை ஜாஸ்தியும் கை கம்மியுமான வீட்டில் யாரை மூன்று நாள் சும்மா உட்கார வைக்க முடியும்? சாமி விளக்கையும் ஊறுகாய் ஜாடியையும் மட்டும் தொடக்கூடாது. விளக்கை எப்போதும் என் மாமியார்தான் ஏற்றுவார். ஆக எங்களுக்கு மிச்சமிருந்தது ஊறுகாய் ஒன்றுதான். அந்த நாளில் கை பட்டால் பூசணம் பூத்துவிடும் என்பது அத்தையின் நம்பிக்கை. பட்டப்படிப்பு படித்திருந்த நானும் வந்த புதிதில் சரிங்க அத்தை என்று தலையாட்டினேன். ஊறுகாய் விஷயத்தில் எதற்குச் சண்டை என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் போன பிறகுதான் அந்த ஒரு வரி என் தொண்டையில் சிக்க ஆரம்பித்தது. ஊறுகாய் எடுத்துக் கொடுங்கள் என்று நான் கேட்பதற்கு, இந்த மாதமும் எனக்குக் குழந்தை தங்கவில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அறிவிப்பது என்றுதான் பொருள். அத்தை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஜாடி மூடியைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் நிற்பார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் எதையாவது பேசியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அப்படி நிற்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஒருமுறை தியாகதுருகத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி, நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தும், "இந்த மாசமும் ஊறுகா கேட்டுட்டாளா?" என்று அத்தையிடம் விசாரித்தார். அன்றைக்கு நான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேனே தவிர ஒரு வாய் இறங்கவில்லை.

அப்போதெல்லாம் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு முன்னால் எட்டு வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டியவள். இரண்டு பிள்ளைகள். அத்தை நடப்பது போல நடந்து காட்டுவாள், அத்தை போனில் பேசுவது போலப் பேசிக் காட்டுவாள். அடுப்படிக்குள் நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் மாமனார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அத்தை எலவனாசூர்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்கும் அக்காவுக்கும் ஒரே சமயத்தில் அந்த நாள். தயிர்சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எதிரே நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடி. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

"இன்னாடி இது," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் ஜாடிய பாத்துக்கினே துன்றதா?"

"வேணாங்க்கா. அத்தைக்கு தெரிஞ்சா?"

"ஜாடி போயி சொல்லப்போவுதா?"

எழுந்து போனாள். மூடியைத் திறந்து கரண்டிகூட இல்லாமல் கையை விட்டு நான்கு நெல்லிக்காயை எடுத்து என் தட்டில் இரண்டு, அவள் தட்டில் இரண்டு போட்டாள். அந்த நெல்லிக்காய் மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

அடுத்த ஒரு மாதம் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல தினமும் ஜாடியைத் திறந்து பார்த்தோம். பூசணமும் பூக்கவில்லை, புழுவும் வைக்கவில்லை. அந்த ஜாடி அடி தெரியும்வரை வீடே தின்று தீர்த்தது. "நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. இருந்தது. அதற்குப் பிறகு அத்தை கண்ணில் படுகிற நேரம் மட்டும் ஊறுகாய் எடுத்துக் கொடுங்கள் என்று நாடகம் போடுவோம். அவர் அந்தப் பக்கம் போனால் நாங்களே எடுத்துக்கொள்வோம். எனக்கு அது சும்மா விளையாட்டில்லை. என் உடம்பின் சங்கதி ஒன்று எனக்கு மட்டும் தெரிந்ததாக, எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்ததாக, மாதத்தில் ஒரு வேளையாவது இருந்தது. கூடப்பிறந்த அக்கா இல்லாத குறை எனக்குத் தீர்ந்தது என்று அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் வந்தது அந்தத் தை மாதம்.

ஒவ்வொரு தையிலும் கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா இறங்கி வருவார். வெள்ளிமலைப் பக்கத்து ஊர். காலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு வேறு பஸ் பிடித்து, சாக்கில் மாகாளிக் கிழங்கு கொண்டுவருவார். பழக்கமில்லாதவர்கள் அந்த வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், மூட்டைப்பூச்சியை நசுக்கியது போல இருக்கும். பழகிவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. விரல் தடிமனில் நீளநீளமாக வேர் மாதிரி இருக்கும் கிழங்கை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணைப் போக்க வேண்டும். மேல்தோலைச் சீவி, நெடுக்கே பிளந்து, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை உரித்துப் போட வேண்டும். துண்டு போட்டதும் கறுத்துவிடாமல் உப்புத் தண்ணீரில் தள்ள வேண்டும். பிறகு தண்ணீர் விடாமல் கடைந்த புளித்த தயிரில் கடுகு, மிளகாய், மஞ்சள், உப்பு எல்லாம் அரைத்துக் கலந்து, வடித்த துண்டுகளை அதில் கொட்டி, ஜாடியின் வாயை வேட்டித் துணியால் கட்டிவிட வேண்டும். அன்றைக்கு நாங்கள் மூவரும் காலையில் உட்கார்ந்து மாலையில்தான் எழுந்தோம். இடுப்பு ஒடிந்துவிட்டது.

போட்டு வைத்தால் மட்டும் போதாது. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து மரக்கரண்டியால் அடியிலிருந்து கிண்டிவிட வேண்டும். வருஷா வருஷம் அத்தைதான் கிண்டுவார். அந்த வருஷம் அவருக்குத் தோள்பட்டை வலி. "நீ கிண்டும்மா" என்று கரண்டியை என்னிடம் கொடுத்தார். "அந்த நாள்ல மட்டும் கரண்டிய பெரியவகிட்ட குடுத்துடு."

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ எனக்கு ஆனது. கரண்டியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"என் கையில குடுத்தா வூடு பூரா தெரிஞ்சிடும்," என்றாள். "அத்த திரும்பவும் மூடிய புடிச்சிக்கினு நிப்பாங்க. உனக்கு அது வேணுமா? நீயே கிண்டு. நெல்லிக்காய்க்கு இன்னா ஆச்சி, ஒண்ணும் ஆவல இல்ல?"

எனக்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையிலேயே எனக்காகத்தான் சொன்னாள், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான் கிண்டினேன். அடுத்த மாதமும் நாள் வந்தது, அப்போதும் கிண்டினேன். அந்த நாட்களில் அத்தை எதிரே ஊறுகாய் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். நாப்கினையும் குப்பையையும் நான்தான் காய்ந்த கரும்புத் தோகையோடு போட்டுக் கொளுத்துவேன், ஒருவருக்கும் தெரியாது. ஊறுகாய் நாளுக்கு நாள் ருசி ஏறிக்கொண்டிருந்தது. ருசி பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு எடுத்ததிலேயே ஜாடியில் கால்வாசி குறைந்துவிட்டது.

நாற்பத்தைந்தாவது நாள் காலையில் அத்தை வந்து கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"போதும். இனிமே நீ குனிஞ்சி நிமிர வேணாம்" என்றார். என் கன்னத்தைத் தொட்டார். நான்கு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மதியம் சங்கராபுரத்திலிருந்து அம்மா போன் செய்தார். எடுத்தவுடன் அழுகை.

"ஏம்மா, எங்கிட்ட மொதல்ல சொல்லணும்னு உனக்குத் தோணலியா?"

"எதம்மா?"

"சம்மந்தியம்மா இப்பதான் சொன்னாங்க. நாப்பத்தஞ்சி நாளா நீ கரண்டிய கீழ வைக்கலியாமே. அப்பா பழம் வாங்கப் போயிருக்காரு. நாளைக்கி வரோம்."

அம்மா பேசிக்கொண்டே போனார். இல்லை என்ற ஒரு சொல்லை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி கரண்டியைப் பற்றி வரும். கரண்டி என்னுடையது மட்டும் இல்லை. அக்காவைக் கேட்காமல் அவளையும் இழுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். என் புத்தியை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

"அக்கா, அத்தை தப்பா நெனச்சிட்டாங்க. நாம போயி சொல்லிடலாம்" என்றேன்.

"சொல்லலாம், சொல்லலாம். அவசரப்படாத. நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன். நீ வாய தொறக்காத."

அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் கணவர் கொல்லையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"ஏங்க, ஏழு நாளு முந்தி மெடிக்கல்ல நாப்கின் வாங்கியாந்தது நீங்கதான?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்." கொடியில் சட்டையைப் போட்டார். "டீக்கடையில கை குடுத்தாங்க. இன்னான்னு சொல்றது? ரெண்டு நாளு போவட்டும். அம்மா இப்படி சிரிச்சி எத்தினி நாளாச்சி."

அவருக்கு அது இரண்டு நாள் சந்தோஷம். அந்த இரண்டு நாள் முடிந்ததும் அதைத் தலையில் வாங்கப்போவது யார் என்று அவர் யோசிக்கவே இல்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறியபாடில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கினார்கள். ஒரு பை நிறைய மாதுளை, ஒரு முழம் மல்லிகை, சின்ன டப்பாவில் குங்குமப்பூ. அத்தை வாசலுக்கே போய்க் கூட்டிவந்தார். கணவர் அன்றைக்கு என்றும் இல்லாத அக்கறையாக விடிவதற்கு முன்பே கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். பக்குவமாகச் சொல்வதற்கு நேற்று மதியத்திலிருந்து அவளுக்கு நேரம் இருந்தது. அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா பூவை எடுத்து என் தலையில் வைக்க வந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல. அத்தை தப்பா நெனச்சிட்டாங்க."

அம்மாவுக்கு முன்னால் அத்தைக்குத்தான் அது புரிந்தது. முகம் சுருங்கிப் போனது. ஜாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப கரண்டி?" என்றார்.

"நான்தான் கிண்டினேன் அத்தை."

"அந்த நாள்லயுமா?"

"ஆமாங்க."

அப்பா பையைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது சொல்வாள் என்று இருந்தேன். முழுதாகச் சொல்ல வேண்டாம். நானும்தான் அத்தை, என்று இரண்டு சொல் சொன்னால் போதும். இரண்டு பேராக நின்றால் திட்டும் பாதியாகிவிடும். அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன் அத்த," என்றாள். குரலில் வருத்தம்கூட வைத்திருந்தாள். "குடு, நான் கிண்டுறேன்னு கேட்டேன். அவதான் கேக்கல. எங்க உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களோன்னு இருந்துட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினாள். வாய் உள்ளவள் என்று பேர் எடுத்தவள் நான். பொய் சொல்கிறாள் என்று சொல்லவாவது முடிந்திருக்க வேண்டும். ஒருத்தி இவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டாளே என்ற திகைப்பிலேயே அந்த நேரம் போய்விட்டது.

அதற்குள் அம்மா கையைக் கூப்பிவிட்டார். "மன்னிச்சிக்குங்க சம்மந்தி. நான்தான் சரியா வளக்கல." என் அம்மா யாரிடமும் கை கூப்பி நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் ஒருநாள் மறந்தாலும் மறப்பேன், அந்தக் கையை மறக்க மாட்டேன். அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அம்மாவும் அப்பாவும் சாப்பிடாமலேயே அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மாதுளைப் பையைத் திரும்ப எடுத்துப் போவது மரியாதையா, விட்டுவிட்டுப் போவது மரியாதையா என்று அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பஸ் வந்த பிறகு என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் ஜாடியை எருக்குழிக்குத் தூக்கினார்கள். ஒரு பக்கம் கணவரின் அண்ணன், இன்னொரு பக்கம் என் கணவர். தெரு முழுக்க மாகாளி வாசனை. ஒரு சின்ன வெள்ளைப் பொட்டுகூட இல்லாத, நன்றாக ஊறிய முக்கால் ஜாடி ஊறுகாய். காலி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "அதான் தங்கல" என்றார் மெதுவாக. நான்கு வருஷமாகத் தெரியாமல் தவித்த காரணம் அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் ஜாஸ்தி. அன்றைக்கு என் தலையில் கட்டப்பட்டது இதுதான். எனக்குக் குழந்தை இல்லாததற்கு இனிமேல் நானே காரணம். என்னைவிட அதிகமாக, கரண்டிகூட இல்லாமல், நெல்லிக்காய் ஜாடிக்குள் கைவிட்டவள் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துணி துவைக்கும் கல்லில் அவளைப் பிடித்தேன். "ஏங்க்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுடி. நான் இந்த வூட்ல இருக்கணும்."

"நான் இருக்க வேணாமா?"

"நீ சின்னவ. உன்ன மன்னிச்சிடுவாங்க." துணியைப் பிழிந்து உதறினாள். "நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

நான் என்ன செய்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

பிறகு எனக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். அதை இங்கே சொல்ல மாட்டேன். பிறந்தது என்றாலும் பிறக்கவில்லை என்றாலும் நீங்களும் அதை ஊறுகாயோடு சேர்த்து எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். எண்ணியவர்கள் போதும்.

அடுத்த தையிலும் மலையிலிருந்து கிழங்கு வந்தது. சீவினோம், பிளந்தோம், நரம்பு உரித்தோம். நானும் அக்காவும் பேசிக்கொள்ளாமல் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் முகத்தைத் திருப்புவது? உப்பு போதுமா, பால்காரர் வந்தாரா என்று பேசுவோம். சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. இந்தத் தடவை கரண்டியை அத்தை அவளிடம் கொடுத்தார். ஜாடிப் பக்கம் எந்த நாளிலும் நான் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அப்படியே நடந்துகொண்டார்கள், நானும்தான்.

ஒருநாள் காலையில் அக்கா மோரில் வெந்தயம் போட்டுக் குடித்தாள். அவளுக்கு வயிற்றுவலி வந்தால்தான் அதைக் குடிப்பாள், மாதத்தில் அந்த ஒரு நாளில்தான் அவளுக்கு வயிறு வலிக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நேராக உள்ளே போனாள். ஜாடித் துணியை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. கரண்டி அடியில் இடிக்கும் சத்தமும் கேட்டது.

"கிண்டிட்டியா பெரியவளே?" என்று வெளியிலிருந்து அத்தை கேட்டார்.

"ஆச்சி அத்த."

மதியம் அத்தை, அக்கா, என் கணவர், நான் என்று நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை ஜாடியிலிருந்து கிண்ணத்தில் எடுத்துவந்து முதலில் எனக்குத்தான் வைத்தார். "சாப்புடும்மா. இது சுத்தமா போட்டது. இந்த வருஷமாவது தங்கட்டும்."

சொல்லிவிடலாம் என்று இருந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் காத்திருந்த நேரம் அதுதான். சொன்னால் இந்த ஜாடியும் எருக்குழிக்குப் போகும், என் தலையில் இருப்பதும் இறங்கும். குறைந்தது அவள் பயப்படுவதையாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

அவள் பயப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு, போன வருஷம் பார்க்காத என் முகத்தை இப்போது நேராகப் பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னை அந்த அளவுக்குத் தெரிந்தவர் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"இன்னும் ரெண்டு துண்டு வைங்க அத்த," என்றாள். "அவளுக்குப் புடிக்கும்."

அத்தை வைத்தார். நான் சாப்பிட்டேன்.